சென்னையில் மாடித்தோட்டக் கத்தரி வளர்ப்பு

மாடித்தோட்டக் கத்தரி வளர்ப்பு என்பது மொட்டைமாடி, மாடிமுகப்பு, முற்றம் போன்ற இடங்களில் தொட்டி அல்லது பைகளில் கத்தரிச் செடியை வீட்டுத் தேவைக்காக வளர்ப்பதாகும். இக்கட்டுரை சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் வெயில், மழை, நிலத்தடி நீர், கட்டிட அமைப்பு ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு இவ்வளர்ப்பையும் அதில் பரவலாக எதிர்கொள்ளப்படும் சிக்கல்களையும் விளக்குகிறது.

சோலானம் மெலோங்கெனா என்னும் அறிவியற் பெயர் கொண்ட கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டை ஆகியவற்றைப் போலவே சோலனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்வுறவு வெறும் வகைப்பாட்டுச் செய்தி அன்று. தக்காளியைத் தாக்கும் நோய்கள் பலவும் கத்தரியையும் தாக்குவதற்கும், பின்னர் கூறப்படுவது போலச் சுண்டைச் செடி கத்தரிக்குக் கைகொடுப்பதற்கும் இதுவே காரணம்.

சந்தைக்கு வரும் கத்தரிக்காய்க்கு அடிக்கடி பூச்சிக்கொல்லி தெளிக்கப்படுவதற்கு முதன்மைக் காரணம் காய்த்துளைப்பான் என்னும் ஒரே ஒரு புழுவே ஆகும். ஆயிரக்கணக்கான செடிகளை வைத்திருக்கும் உழவரால் ஒவ்வொரு குருத்தையும் நாள்தோறும் பார்க்க இயலாது. பத்துச் செடி வைத்திருப்பவரால் இயலும். வீட்டில் கத்தரி வளர்ப்பதற்கான வலுவான காரணம் இதுவே எனலாம். அதே வேளையில், செடி வாடுவதற்கான காரணத்தைப் பாராமல் கையில் கிடைத்த மருந்தைத் தெளிப்பவர் தாம் விலக்க நினைத்த நஞ்சையே மாடிக்குக் கொண்டு வருகிறார். ஆகவே இக்கட்டுரையில் மருந்துகளை விட அறிகுறிகளை வேறுபடுத்தி அறிவதற்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

பின்னணி

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் கொல்லைப்புறமும் கிணறும் இருந்தன. பாத்திரம் கழுவிய நீர் பாயும் இடத்தில் வாழையும் கத்தரியும் வளர்ப்பது வழக்கமாக இருந்தது. 1920களில் ஏரி நிலத்தைச் சீர்செய்து உருவாக்கப்பட்ட தியாகராய நகரிலும் தொடக்கத்தில் தோட்டத்துடன் கூடிய தனிவீடுகளே மிகுதி. இவ்வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறியபின் கொல்லை மறைந்து மொட்டைமாடி மட்டுமே எஞ்சியது. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை பை, தென்னைநார்க் கழிவு, விதை, உயிர் உரம் முதலியன அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்புகளைச் சலுகை விலையில் வழங்கியதும் இப்பழக்கம் பரவ உதவியது.

இடமும் கூரையும்

கத்தரிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கில் அமைந்திருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். எனவே வடக்கு நோக்கிய மாடிமுகப்பில் மே மாதத்தில் வெயில் கண்டு வைத்த செடி, மார்கழியில் முழு நிழலில் நிற்கக்கூடும். பக்கத்துக் கட்டிடம் உயரமாக உள்ள தியாகராய நகர்த் தெருக்களில் இது அடிக்கடி நேர்கிறது. பூக்காத செடிக்கு உரம் இடுவதற்கு முன் அது எத்தனை மணி நேரம் வெயில் பெறுகிறது என்று ஒரு நாள் கவனிப்பது நலம்.

கூரையின் வலிமை அடுத்துக் கவனிக்க வேண்டியது. 20 லிட்டர் கொள்ளளவுள்ள பையில் தோட்ட மண்ணை மட்டும் நிரப்பி நீர் ஊற்றினால் அதன் எடை 30 கிலோகிராமைத் தாண்டும். தென்னைநார்க் கழிவும் மக்கிய உரமும் கலந்த கலவை ஏறத்தாழ அதில் பாதியே இருக்கும். மயிலாப்பூரில் எஞ்சியுள்ள பழைய வீடுகள் சிலவற்றில் தேக்கு விட்டங்களின் மீது செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் மூடிய 'மெட்ராஸ் டெரஸ்' கூரைகள் உள்ளன. இவற்றின் மீது பைகளை வரிசையாக அடுக்குவது அறவே கூடாது. விட்டத்தின் முனை ஈரத்தில் மக்கியிருந்தாலும் வெளியே தெரியாது. கற்காரைத் தளங்களில் பைகளை நடுவில் குவிக்காமல், சுவருக்கும் விட்டத்துக்கும் மேலாக, செங்கல் அல்லது இரும்புத் தாங்கியின் மீது வைக்க வேண்டும். தளத்தில் நேரடியாக வைத்தால் பைக்கடியில் ஈரம் காயாமல் நின்று, வேர்கள் ஓட்டு இணைப்புகளில் நுழைந்து, கீழ்வீட்டில் ஒழுகத் தொடங்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடித்தோட்டம் பற்றிய பூசல்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே எழுகின்றன. மாடி அனைவருக்கும் பொதுவானதாகையால் முன்கூட்டியே குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலைப் பெறுவது முறையாகும்.

பைக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் அதில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டிவிட வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு இத்தகைய சிறு தேக்கங்களிலேயே முட்டையிடுகிறது.

பட்டம்

சென்னையில் ஆண்டுதோறும் பெய்யும் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. கத்தரி நாற்றுக்கு இம்மழை ஆகாது. விதைத்த பையில் நீர் தேங்கினால் இளநாற்று தரைமட்டத்தில் கருகிச் சாய்ந்துவிடும். இது நாற்றழுகல் நோய் எனப்படுகிறது. ஆகவே ஆடியில் விதைத்து, ஆவணி இறுதிக்குள் நாற்றை நட்டு, மழை தொடங்குமுன் செடியை ஊன்றச் செய்வது ஒரு முறை. மழை ஓயும் மார்கழியில் விதைத்துத் தை இறுதியில் நட்டு, பங்குனி, சித்திரையில் காய் பறிப்பது மற்றொரு முறை. புதிதாகத் தொடங்குவோருக்கு இரண்டாவதே எளிது. தை, மாசி மாதங்களின் இதமான வெயிலில் செடி தானாகவே வளரும்.

மே மாதத் தொடக்கத்தில் வரும் அக்கினி நட்சத்திரம், கத்திரி வெயில் என்றும் அழைக்கப்படுகிறது. காய்க்கும் இதற்கும் உள்ளது பெயரொற்றுமை மட்டுமே. இக்காலத்தில் புதிதாக எதையும் நடாமல், நிற்கும் செடிகளுக்கு நண்பகலில் மட்டும் நிழல்வலை விரித்துக் காப்பாற்றினால் போதுமானது. நிழல்வலையை நிலையான கம்பிச் சட்டத்தில் கட்டுவோர் மழைக்காலத்துக்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அத்தகைய காற்றில் விரித்த வலை பாய்மரம் போலச் செயற்பட்டுச் சட்டத்தையே தூக்கிச் செல்லும். புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து இறக்கி, சுவரோரத்தில் நெருக்கி வைப்பது வழக்கம்.

வகைகள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, பாலூர் ஆய்வு நிலையத்தின் பிஎல்ஆர் 1, சிறிய வெண்ணிறக் காய்களைத் தரும் கிள்ளிகுளத்தின் கேகேஎம் 1, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அண்ணாமலை ஆகியவை அறியப்பட்ட வகைகள். நாட்டு வகைகளில் வேலூர் மாவட்டத்தின் இலவம்பாடி முள்கத்தரி புகழ்பெற்றது. அது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. முள் மிகுந்த இவ்வகையைக் குழந்தைகள் நடமாடும் மாடிமுகப்பில் வைப்பது உகந்ததன்று. பைகளில் பெரிய நீளக்காய் வகைகளை விட, கொத்தாகக் காய்க்கும் சிறுகாய் வகைகளே நன்கு பலன் தருகின்றன.

பையும் கலவையும்

ஒரு செடிக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு தேவை. 12 அங்குல விட்டமும் அதே அளவு ஆழமும் உள்ள பை போதுமானது. பூச்செடித் தொட்டிகளில் வைத்த கத்தரி ஒன்றிரண்டு காய்களோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேருக்கு இடமின்மையே.

தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்பது பரவலான கலவை. கட்டியாக விற்கப்படும் தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கக்கூடும். அதை ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றிக் கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும். கழுவாத நார்க்கழிவில் நட்ட நாற்றின் இலை ஓரம் ஒரு வாரத்திலேயே கருகும். இதை நோய் என்று கருதி மருந்து தேடுவோர் பலர்.

விதை முளைக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். 30 முதல் 40 நாள் வயதில், நான்கைந்து இலைகள் வந்தபின் மாலையில் நாற்றை நட வேண்டும். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூளை விதைக்கும் கலவையில் சேர்ப்பது நாற்றழுகலைக் குறைக்கிறது. நட்ட மூன்று வாரத்துக்குப் பின், இரு வாரங்களுக்கு ஒருமுறை நீரில் ஊறவைத்து நன்கு தெளியவிட்ட கடலைப் புண்ணாக்குக் கரைசலை ஊற்றலாம். லிட்டருக்கு 30 மில்லிலிட்டர் வீதம் பஞ்சகவ்வியம் தெளிப்பவர்களும் உண்டு.

நீர்

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளிலும் அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய தெருக்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பாக உள்ளது. கத்தரி ஓரளவு உப்பைத் தாங்கும். எனினும் பையில் உப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். நிலத்தைப் போல அது கீழிறங்கிச் செல்ல வழியில்லை. கலவையின் மேற்பரப்பிலும் பையின் வெளிப்புறத்திலும் வெண்படலம் தெரிந்தால், கீழ்த்துளை வழியே நீர் வெளியேறுமளவு நல்ல நீரை ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். வடகிழக்குப் பருவமழை இவ்வேலையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகச் செய்கிறது.

எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் குடிநீர் சுத்திகரிக்கும் கருவி வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் காணப்படும் பழக்கம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்ட 2019 கோடையில் இது இன்னும் பெருகியது. மூல நீர் நல்ல நீரானால் இதனால் பெரிய தீங்கில்லை. மூல நீரே உப்பாக இருந்தால் கழிவு நீர் அதனினும் உப்பானது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அரிசி, காய்கறி கழுவிய நீரும் ஏற்றதே.

கோடையில் காலை, மாலை இருவேளையும், மற்ற நாட்களில் ஒருவேளையும் நீர் ஊற்றுவது பொதுவான அளவு. மேற்பரப்பு காய்ந்து தெரிந்தாலும் இரண்டு அங்குல ஆழத்தில் விரலை விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் ஊற்றத் தேவையில்லை.

பூத்தும் காய்க்காமை

வீட்டுத் தோட்டத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் குறை, செடி செழிப்பாக உள்ளது, பூவும் நிறைய வருகிறது, ஆனால் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது என்பதே. இதைப் புரிந்துகொள்ள ஒரு பூவைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும்.

கத்தரிப் பூவின் நடுவில் மஞ்சள் நிற மகரந்தப்பைகள் கூம்பு போலச் சேர்ந்திருக்கும். சூல்தண்டு அக்கூம்பின் நடுவே வளர்கிறது. சில பூக்களில் பச்சை நிறச் சூல்முடி கூம்பின் நுனியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேறு சிலவற்றில் நுனியின் மட்டத்தில் இருக்கும். மற்றவற்றில் உள்ளேயே குறுகி மறைந்திருக்கும். முதலிரண்டும் காயாகக்கூடியவை. குறுகிய சூல்தண்டுப் பூக்கள் காயாவதில்லை. அவை உதிர்வது நோயன்று, செடியின் இயல்பு. ஒரு கொத்தில் அடியில் முதலில் மலரும் பெரிய பூவே பெரும்பாலும் நீண்ட சூல்தண்டு உடையது. எனவே கொத்தில் ஐந்து பூ மலர்ந்து ஒன்று காய்த்தாலும் செடி நன்றாகவே உள்ளது எனலாம். செடியில் பல காய்கள் முற்றிக்கொண்டிருக்கும்போதும், உரம் தீர்ந்துபோன பைகளிலும் குறுகிய சூல்தண்டுப் பூக்கள் கூடுகின்றன. உரமிடுதலும், காய்களை முற்றவிடாமல் பறித்தலும் இதற்குத் தீர்வு.

நீண்ட சூல்தண்டுள்ள பூக்களும் உதிர்ந்தால் மகரந்தச் சேர்க்கையை ஐயுற வேண்டும். ஒரே பூவின் மகரந்தமே அதன் சூல்முடிக்குப் போதும் என்றாலும், கத்தரியின் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியிலுள்ள சிறு துளைகள் வழியே, உப்புச் சாடியைக் குலுக்குவது போலக் குலுக்கினால்தான் தூள் வெளிவரும். தச்சன் தேனீ எனப்படும் பெரிய கருந்தேனீயும், வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசைகளை அதிரச் செய்து தூளை உதிர்க்கின்றன. நாம் தேன் எடுக்கும் தேனீக்களால் இவ்வாறு அதிர்வுண்டாக்க இயலாது. நான்காம் மாடியில், சுற்றிலும் கட்டிடங்கள் சூழ்ந்த இடத்தில், இப்பூச்சிகளும் வாராமல் காற்றும் இல்லாமல் போவதுண்டு. அங்கே காலை வேளையில் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுவது, அல்லது அதிரும் மின் பற்குச்சியின் பின்புறத்தைக் காம்பில் ஒரு நொடி வைப்பது போதும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். பட்டமரக் கிளையைத் துளைத்துக் கூடு கட்டும் தச்சன் தேனீயைக் கொட்டும் என்று அஞ்சி விரட்டுவோர் தம் கத்தரிக்காயையே விரட்டுகின்றனர்.

வெப்பம் மூன்றாவது காரணம். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தொடர்ந்தால் மகரந்தத்தின் வளம் குறைகிறது. சென்னையின் மே மாதத்தில் பூ உதிர்வதைத் தடுக்க எந்த ஊக்கியும் தெளிக்கத் தேவையில்லை. வெப்பம் தணிந்தபின் அதே செடி மீண்டும் காய்க்கும். இலை மட்டும் அடர்ந்து கருமையாக வளர்ந்து பூவே வராவிட்டால் தழைச்சத்து மிகுதி என்று கொள்ளலாம். அப்போது புண்ணாக்குக் கரைசலைச் சில வாரம் நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து உள்ள விறகுச் சாம்பலைச் சிறிதளவு இடலாம்.

தண்டு மற்றும் காய்த்துளைப்பான்

லியூசினோடெஸ் ஆர்போனாலிஸ் என்னும் சிறு அந்துப்பூச்சியின் புழுவே தண்டு மற்றும் காய்த்துளைப்பான் ஆகும். வெண்ணிறச் சிறகில் பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த திட்டுகள் கொண்ட இவ்வந்து இரவில் இலையின் அடிப்புறம், குருத்து, பூமொட்டு ஆகியவற்றில் தனித்தனியாக முட்டையிடுகிறது. ஓரிரு வாரத்துக்குள் புழு வளர்ந்து, காய்ந்த இலைச் சருகிலோ தண்டிலோ கூடு கட்டி, மீண்டும் அந்தாகிறது. சென்னையின் வெப்பத்தில் இச்சுழற்சி ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிவதால் ஆண்டு முழுவதும் தொல்லை உண்டு.

முதல் அறிகுறி காயில் தெரிவதில்லை. காலையில் செடி முழுவதும் நிமிர்ந்திருக்க, ஒரே ஒரு குருத்து மட்டும் தலை தொங்கி நிற்கும். அக்குருத்தைக் கிள்ளி நெடுக்காகப் பிளந்தால் உள்ளே புழு தெரியும். இந்நிலையில் வாடிய பகுதிக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிச் சோப்பு நீரில் போட்டுவிட்டால் அப்புழுவின் தலைமுறை அத்துடன் முடிகிறது. செடிக்கும் இழப்பில்லை, வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வரும். வெட்டிய குருத்தை மாடியிலேயே மக்கவைக்கும் தொட்டியில் போடுவது பெருந்தவறு. புழு அங்கேயே கூடு கட்டி வெளிவரும்.

பூ, காய் வந்தபின் புழு குருத்தை விட்டுக் காய்க்கு மாறுகிறது. அது நுழையும் துளை காம்பின் புல்லிக்கு அருகே மிகச் சிறியதாக இருந்து விரைவில் மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் பெரிய துளை பெரும்பாலும் புழு வெளியேறிய துளையே. எனவே துளையுள்ள காயில் புழு இல்லாமலும், துளையற்ற காயில் புழு இருந்தும் வியப்பதற்கில்லை. காய்க்குள் சென்ற புழுவை எந்தத் தெளிப்பும் எளிதில் எட்டாது. உழவர்கள் மீண்டும் மீண்டும் தெளிப்பதற்கும் இதுவே காரணம். வேப்பெண்ணெய்க் கரைசல், லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் வீதம் சிறிது சோப்புடன் கலந்து மாலையில் தெளிக்கப்படுவது, அந்து முட்டையிடுவதைக் குறைக்கக்கூடும். உள்ளேயுள்ள புழுவை அது கொல்லாது. வாரம் இருமுறை குருத்துகளைப் பார்வையிட்டு வெட்டுவது, உதிர்ந்த இலைகளை அகற்றுவது, தாக்குண்ட காயைச் செடியில் விடாதிருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தாலே வீட்டளவில் இப்பூச்சி அடங்கும். செடிகளை மெல்லிய வலைக்குள் வைத்து, பூக்களைக் கையால் அதிரச் செய்வதும் நல்ல பலன் தருகிறது. பக்கத்து மாடியிலும் கத்தரி இருந்தால் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும்.

மோனோகுரோட்டோபாசு என்னும் பூச்சிக்கொல்லியைக் காய்கறிகளில் பயன்படுத்த இந்திய அரசு 2005இல் தடை விதித்தது. வேறு எந்த ஊடுருவும் நஞ்சையும் மூன்று நாளுக்கு ஒருமுறை காய் பறிக்கும் செடியில் தெளிப்பது பொருளற்றது. தெளித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கடைப்பிடிக்க இயலாது.

இப்புழுவே பிடி கத்தரி விவாதத்துக்கும் மையமாகும். பாசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் மண் பாக்டீரியாவின் மரபணு ஒன்றைச் செலுத்தி, இப்புழு தின்றால் இறக்கும்படி உருவாக்கப்பட்ட கத்தரிக்கு 2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இசைவளித்தது. மகிகோ நிறுவனம் உருவாக்கிய இத்தொழில்நுட்பத்தைத் தமிழக வகைகளில் புகுத்தும் பணியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்தியபின், அன்றைய நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர் செயராம் ரமேசு 2010 பெப்ரவரி 9 அன்று அதற்கு இடைக்காலத் தடை அறிவித்தார். வங்காளதேசம் 2013இல் ஒப்புதல் தந்து 2014இல் பயிரிடத் தொடங்கியது. இந்தியாவில் அது வணிக முறையில் விதைக்கப்படவில்லை. ஆகவே பிடி கத்தரி விதை என்று இங்கு எவரேனும் விற்றால் அது சட்டத்துக்குப் புறம்பானது.

வாடல்

செடி வாடுவதற்கு முற்றிலும் வேறுபட்ட காரணங்கள் உள்ளன. ஒன்றுக்கு உரிய தீர்வு மற்றொன்றுக்குக் கேடாகலாம். மேற்கூறியது போல ஒரு குருத்து மட்டும் வாடினால் அது துளைப்பான்.

செடி முழுவதும் நண்பகலில் வாடி மாலையில் தானே நிமிர்ந்தால் அது வெயில். பை சிறியதாக இருக்கலாம், அல்லது நீர் போதாமல் இருக்கலாம். மேற்பரப்பில் சருகு மூடாக்கு இடுவதே தீர்வு. மழைக்காலத்தில் கலவை நொதநொதவென்று ஈரமாக இருந்தும் செடி வாடினால், கீழ்த்துளை அடைபட்டு வேர் மூச்சுவிட இயலாமல் அழுகுகிறது என்று பொருள். வாடுகிறதே என்று மேலும் நீர் ஊற்றுபவர் அச்செடியை இழக்கிறார். துளையைக் குத்தித் திறந்து, பையைச் சாய்த்து, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும்.

ஈரம் அளவாக இருந்தும், இலை பச்சையாகவே இருந்தும், செடி இரண்டு மூன்று நாளில் முழுவதும் தொங்கி, மாலையிலும் நிமிராவிட்டால் அது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கக்கூடும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி மட்டும் மூழ்குமாறு பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டு முனையிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை நீரில் இறங்கினால் நோய் உறுதி. ரால்சுடோனியா சோலனேசியாரம் என்னும் இப்பாக்டீரியா நீர் கடத்தும் குழாய்களை அடைத்துவிடுவதால் செடியைக் காப்பாற்ற வழியில்லை. செடியையும் கலவையையும் அப்புறப்படுத்தி, கத்திரிக்கோலைச் சாராயக் கரைசலால் துடைக்க வேண்டும். அப்பையின் கலவையைத் தக்காளி, மிளகாய்க்கு மாற்றிக் கொட்டினால் நோயும் உடன் செல்லும்.

மெல்ல மெல்லக் குன்றி, இலை மஞ்சளித்து, உரமிட்டும் தேறாத செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணிமணியாக முடிச்சுகள் தெரியலாம். இது வேர்முடிச்சு நூற்புழு. பழைய கலவையையே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் தோட்டங்களில் இது மிகுதி. இங்கேதான் கத்திரி வெயில் பயன்படுகிறது. மே மாதத்தில் கலவையை ஈரமாக்கி மொட்டைமாடியில் அரையடி உயரத்துக்குப் பரப்பி, நிறமற்ற நெகிழித்தாளால் காற்றுப் புகாமல் மூடி நான்கு வாரம் விட்டால், உள்ளே ஏறும் வெப்பத்தில் நூற்புழுக்களும் நோய்க்கிருமிகளும் பெருமளவு அழியும். பின்னர் மண்புழு உரமும் டிரைக்கோடெர்மாவும் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

இலையின் ஓரத்தில் அரைவட்டக் கடிகளும் அதனுடன் வாடலும் சேர்ந்து வந்தால் சாம்பல் கூன்வண்டைத் தேட வேண்டும். வண்டு இலையை உண்ண, அதன் புழு மண்ணுக்குள் வேரை உண்கிறது. காலையில் செடியை உலுக்கினால் வண்டுகள் கீழே விழும். பொறுக்கி அழிக்கலாம். கலவையில் வேப்பம் புண்ணாக்கு கிளறிவிடுவது வேரிலுள்ள புழுவைக் குறைக்கிறது.

வாடல் நோய் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் சுண்டைச் செடியின் மீது கத்தரியை ஒட்டுக்கட்டும் முறை கையாளப்படுகிறது. சுண்டையின் வேர் பாக்டீரியா வாடலையும் நூற்புழுவையும் கத்தரியை விடத் தாங்குகிறது. யப்பான், தைவான் முதலிய நாடுகளில் இது நிலைபெற்ற முறை. சுண்டை மெதுவாக முளைப்பதால் அதைக் கத்தரிக்குச் சில வாரம் முன்பே விதைக்க வேண்டும். பென்சில் பருமனை எட்டிய சுண்டைத் தண்டைப் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய கத்தரிக் குருத்தைச் செருகி, கட்டி, ஒரு வாரம் நிழலில் நெகிழிப் பை மூடி வைத்தால் ஒட்டு சேரும்.

சிற்றிலை நோய்

செடியின் நுனியில் இலைகள் மிகச் சிறியனவாகி, கணுக்கள் நெருங்கி, துடைப்பம் போலக் கொத்தாகிவிடும். பூக்கள் பச்சையாகி இலை போல மாறும். காய் வராது. இந்நோய் 1930களின் இறுதியில் கோயம்புத்தூரிலிருந்து விவரிக்கப்பட்டது. நெடுங்காலம் தீநுண்மம் எனக் கருதப்பட்டு, யப்பானிய அறிவியலாளர்களின் 1967ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்குப் பின் இத்தகைய நோய்களுக்குக் காரணம் செல்சுவரற்ற நுண்ணுயிரியான பைட்டோபிளாசுமா என அறியப்பட்டது. தத்துப்பூச்சி இதைப் பரப்புகிறது.

சத்துக் குறைபாடு என்று எண்ணி மாதக்கணக்கில் உரமும் மக்னீசியம் உப்பும் இட்டுக் காத்திருப்பது வழக்கமாகக் காணப்படும் தவறு. நோயுற்ற செடி தேறுவதில்லை. அது நிற்கும் ஒவ்வொரு நாளும் மற்ற செடிகளுக்கு ஆபத்து. கொத்திலை தெரிந்த உடனே வேரோடு பிடுங்குவது ஒன்றே வழி. காய்த்த செடியைப் பிடுங்க மனம் வராது என்பது உண்மையே.

இலையைத் தாக்கும் பிற பூச்சிகள்

இலையின் பச்சையத்தைச் சுரண்டிச் சல்லடை போலாக்குவது 28 புள்ளி வண்டு. இதன் தோற்றம் நன்மை செய்யும் பொறிவண்டைப் போன்றது, இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பளபளப்பான பொறிவண்டு அசுவினியைத் தின்று செடியைக் காக்கிறது. மங்கிய செம்புநிறத்தில் மெல்லிய மயிர் போர்த்த 28 புள்ளி வண்டு இலையைத் தின்கிறது. இலையடியில் நட்டு வைத்தாற்போல் நிற்கும் மஞ்சள் முட்டைக் கூட்டத்தையும், முள்முள்ளான மஞ்சள் புழுக்களையும் கையால் நசுக்குவதே போதுமானது.

மாவுப்பூச்சிகளில் பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டுத் தமிழகமெங்கும் பரவியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இதைத் தெளிப்புகளால் அடக்க இயலவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசெரோபேகசு பப்பாயே என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதை அடக்கியது. மாடியில் மாவுப்பூச்சி கண்டால் முதலில் எறும்பைக் கவனிக்க வேண்டும். இனிப்புக் கழிவுக்காக எறும்புகளே அவற்றைச் சுமந்து பாதுகாக்கின்றன. பைகளின் தாங்கிக் கால்களை நீருள்ள கிண்ணத்தில் நிறுத்தி, அந்நீரில் சில சொட்டு எண்ணெய் விட்டால் எறும்பும் ஏறாது, கொசுவும் முட்டையிடாது. மாவுப்பூச்சிகளிடையே வெண்பிசிறுகளுடன் சற்றுப் பெரியதாக விரைந்து நகரும் ஒன்று தெரிந்தால் அது அவற்றைத் தின்னும் வண்டின் புழு. அதைக் கொல்லக் கூடாது.

வெள்ளை ஈ, அசுவினி, கோடையில் வரும் செஞ்சிலந்திப் பேன் ஆகியவற்றுக்கு இலையின் அடிப்புறத்தில் படுமாறு நீரைப் பீய்ச்சி அடிப்பதும், தேவையெனில் வேப்பெண்ணெய்க் கரைசலும் போதும். வேப்பெண்ணெயை வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

அறுவடை, கவாத்து, விதை

நட்ட 55 முதல் 70 நாட்களில் முதற்காய் கிடைக்கும். தோல் பளபளப்பாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, காம்புடன் கத்திரிக்கோலால் வெட்டிப் பறிக்க வேண்டும். பளபளப்பு மங்கிய காயில் விதை முற்றிக் கசப்பேறியிருக்கும். அணில், எலி கடித்த காய்களை உண்ணலாகாது. கிண்டியை ஒட்டிய பகுதிகளில் குரங்குகளும் வருவதுண்டு. அவற்றுக்குக் கம்பிவலையைத் தவிர வேறு தீர்வு இல்லை.

கத்தரி இயல்பில் பல்லாண்டுச் செடி. ஆறு மாதத்தில் காய்ப்புக் குறைந்ததும் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. நோயற்ற செடியை ஆடி மாதத்தில் ஓரடி உயரத்துக்குக் கவாத்து செய்து, மேற்கலவையைக் கிளறி மண்புழு உரம் இட்டால் ஒன்றரை மாதத்தில் மீண்டும் பூக்கும். மழைக்காலத்தில் கவாத்து செய்தால் வெட்டு வாயில் அழுகல் பிடிக்கும்.

விதைக்கு, நாட்டு வகைச் செடியின் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விட்டு, மஞ்சளாகிப் பழுப்பேறும்வரை காத்திருக்க வேண்டும். கலப்பின விதையில் வளர்ந்த செடியின் விதை தாயைப் போல் வருவதில்லை. பழத்தைப் பிசைந்து நீரில் கரைத்து, அடியில் தங்கும் விதைகளை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு மூன்று வகைகளை அருகருகே வளர்த்தால் கலப்பு நேரக்கூடும் என்பதால், விதைக்கு விடும் பூவை மலருமுன்னரே மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்தபின் பையை நீக்கிக் காம்பில் நூல் கட்டி அடையாளமிடுவர். சென்னையின் ஈரக்காற்றில் திறந்து வைத்த விதை முளைப்புத் திறனை விரைவில் இழக்கும். நன்கு உலர்ந்த விதையை மூடியிறுகிய சிறு கண்ணாடிப் புட்டியில் இட்டு, வகையின் பெயரும் எடுத்த மாதமும் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று ஆண்டு வரையிலும் முளைக்கும்.